மலையையும் காப்போம், மந்தையையும் காப்போம்

திருவண்ணாமலை நகரை ஒட்டிக் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அண்ணாமலை, தீபத்தால் பேர்பெற்றது. அடிவாரத்து விவசாயிக்கோ அது நீரும் தீவனமும் தரும் மலையாகும். சரிவில் பெய்யும் மழை ஓடை வழியே ஏரி குளங்களை நிரப்பிக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. சரிவு மொட்டையானால் வெள்ளம் மண்ணை வாரிக்கொண்டு ஓடும். ஏரி தூர்ந்து கிணறு வற்றும்.

மழைக்குப் பின் செழிக்கும் புல், கோடையில் காய்ந்து தீக்கு இரையாகிறது. இளம்புல் துளிர்க்கட்டும் என்று தீயிடும் வழக்கமும் மலையோர ஊர்களில் உண்டு. புல் துளிர்ப்பது உண்மையே. ஆனால் மரக்கன்றுகள் கருகிவிடும். தப்பிய கன்றை ஆடு கடித்துவிடும். 1988-இல் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் தோன்றி, மலையை மீண்டும் பசுமையாக்கும் பணி தொடங்கியது. கன்று நடுவது எளிது. தீயினின்றும் மேய்ச்சலினின்றும் காப்பதே கடினம்.

மேய்ச்சலைத் தடுத்தால் மட்டும் போதுமா? ஆட்டை நம்பிப் பிழைப்பவர் எங்கே போவார்? 1997-இல் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. காவலில் பங்கு கொள்வோருக்குக் காட்டின் பலனிலும் பங்கு உண்டு என்பதே அதன் அடிப்படை. மலையோர உழவர் குழுக்கள் அதனைப் பின்பற்றிக் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. வனத்துறையின் அனுமதி பெற்று, புல் காயுமுன் அறுத்து எடுக்க வேண்டும். இளம்புல் தீவனத்திற்கும் முற்றிய புல் கூரைக்கும் உதவும். அறுத்த இடத்தில் தீ எளிதில் பரவாது.

2. கோடைக்கு முன்பே, வனத்துறையினர் காட்டும் இடங்களில், புல் பூண்டு அகற்றித் தீத்தடுப்புப் பாதை அமைக்க உதவ வேண்டும்.

3. வளர்ந்த ஆட்டிற்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ பசுந்தீவனம் தேவை. இதற்கு மானாவாரி நிலத்தில் ஆடி முதல் புரட்டாசி வரை முயல் மசால் விதைக்கலாம். தூவி விதைக்க ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். விதையுறை கடினமானது, 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து எடுத்து விதைத்தால் நன்கு முளைக்கும். சுமார் 75 நாளில், பூக்கும் தருணத்தில், முதல் அறுவடை செய்யலாம்.

4. நிலமற்ற ஆடு வளர்ப்போருக்குப் புல் அறுப்பதில் முதல் உரிமை தரவேண்டும். ஏனையோர் தம் வரப்புகளில் அகத்தி, சவுண்டல் வளர்த்து அவர்களுக்கும் தழை கொடுக்கலாம்.

நான்காவதை விட்டுவிட்டு முதல் மூன்றை மட்டும் செய்யும் குழு நிலைக்காது. தீவனம் கிடைக்காதவர் ஆட்டை மீண்டும் மலைக்கே ஓட்டுவார். அவரைக் குறை கூறவும் இயலாது. எனவே, ஆடு வைத்திருப்போர் யார், எத்தனை ஆடுகள், அவற்றிற்குத் தீவனம் எங்கிருந்து வரும் என்று முதற் கூட்டத்திலேயே கணக்கெடுத்த பின்னரே மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு விதித்தல் வேண்டும்.