கிழட்டு ரிசீவரும் கிழிந்த ஸ்பீக்கரும்

'காயலான் கடைக்குப் போகவேண்டியதை எல்லாம் ஏன்டா வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றே?' என்று திட்டு வாங்காத எலக்ட்ரானிக்ஸ் மாணவன் உண்டா? அப்படித் தூக்கிட்டு வருகிறவற்றில் உண்மையிலேயே மதிப்புள்ள சரக்கு 1970-களின் ஸ்டீரியோ ரிசீவர், கூடவே ஒரு ஜோடி ஸ்பீக்கர். எதை எடுக்கலாம், இருக்கிற கொஞ்சக் காசை எதில் போடலாம் என்பதுதான் விஷயம். தியரி கொஞ்சம் வரும். பயப்படாதீங்க, அரியர் வைத்தவருக்கும் புரியும்!

ரேடியோ டியூனர், ப்ரீ ஆம்ப்ளிஃபையர், பவர் ஆம்ப்ளிஃபையர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது ரிசீவர். பயனியர், சான்சுயி, கென்வுட், யமஹா, மராண்ட்ஸ் என்று அந்தக் காலத்தில் பெரிய போட்டியே நடந்தது. பயனியர் 1976-ல் எஸ்.எக்ஸ்.1250 என்று சேனலுக்கு 160 வாட்டில் ஒன்று போட்டது. 1978-ல் எஸ்.எக்ஸ்.1980 சேனலுக்கு 270 வாட்! இதெல்லாம் ராட்சச ஜாதி. நம்ம பட்ஜெட்டுக்கு 15 முதல் 45 வாட் வரை உள்ள சின்னவைதான் சரி. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் சுமந்துவந்த செட்டுகள் இன்னும் பல வீட்டுப் பரணில் தூசி குடித்துக் கிடக்கின்றன.

அந்தக் கால வாட் கணக்கை நம்பலாமா? 1974-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்றவற்றை ஓரளவு நம்பலாம். அந்த வருஷம் அந்த நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி போட்டது. இரண்டு சேனலையும் சேர்த்து ஓட்டி, மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் சூடாக்கிவிட்டு, அதன்பிறகு தொடர்ச்சியாக எவ்வளவு கொடுக்கிறது என்று அளந்துதான் விளம்பரத்தில் போடவேண்டும். பின்னாளில் டூ-இன்-ஒன் செட்டுகளில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்களே, அந்தக் கூத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க.

இப்போ முக்கியமான விஷயம். ஒரு செட்டில் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், அலுமினிய முகப்பு, ஸ்பீக்கர் மேக்னட், கரையான் தொடாத மரப்பெட்டி எல்லாம் ஐம்பது வருஷம் ஆனாலும் அப்படியே நிற்கும். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் காய்ந்துபோகும். வால்யூம் கன்ட்ரோலும் ஸ்விட்சும் கறுத்து 'கரகர' என்னும். ரிலே பாயிண்ட் தேயும். டயல் பல்பு ஃபியூஸ் ஆகும். ஸ்பீக்கரின் நுரை ஓரம் பொடியாக உதிரும். கவனிச்சீங்களா? கெட்டுப்போகிறவை எல்லாம் சில்லறை விலைச் சாமான், கெடாமல் நிற்பவைதான் காசு. பழைய செட் வாங்குவது லாபமாக இருப்பதே இதனால்தான்.

விதிவிலக்கும் உண்டு. 1970-களின் கடைசியிலும் 80-களிலும் வந்த பல செட்டுகளில் அவுட்புட்டுக்குத் தனி டிரான்சிஸ்டர் கிடையாது. சான்யோ கம்பெனியின் எஸ்.டி.கே. ஹைபிரிட் ஐ.சி. இருக்கும். அது போய்விட்டால் ஒரிஜினல் கிடைப்பது குதிரைக் கொம்பு. மார்க்கெட்டில் போலி நிறைய. ஆகவே அவுட்புட் போன எஸ்.டி.கே. செட்டை இனாமாகக் கொடுத்தாலும் யோசித்து வாங்குங்க. டிரான்சிஸ்டர் போட்ட செட்டாக இருந்தால் சமமான வேறு நம்பரைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம்.

கடையில் செட்டைப் பார்த்ததும் முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்க. அமெரிக்க செட் 120 வோல்ட், ஜப்பான் உள்நாட்டு செட் 100 வோல்ட். நம்ம 230-ல் நேராகச் செருகினால் கதை அங்கேயே முடிந்தது. பல ஊர்களுக்கு ஏற்றுமதியான மாடல்களில் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். அதுதான் நமக்கு வசதி. இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. ஜப்பான் உள்நாட்டு செட்டில் இன்னொரு வில்லங்கம்: அந்தக் கால ஜப்பானிய எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம்ம ஊர் ஸ்டேஷன்களில் முக்கால்வாசி அந்த டயலிலேயே வராது. அமெரிக்க செட்டில் ஸ்டேஷன் வரும், ஆனால் டீ-எம்ஃபசிஸ் அங்கே 75 மைக்ரோ செகண்ட், இங்கே 50. அதனால் ட்ரெபிள் கொஞ்சம் மங்கலாகக் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஆசையில் பிளக்கைச் செருகாதீங்க! நம்ம எலக்ட்ரீஷியன் அண்ணன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு இங்கேதான் உதவும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை செட்டோடு சீரிஸில் போட்டு, ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யுங்க. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, ஃபில்டர் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது என்று அர்த்தம். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்க. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை பல்புதான் வேணும். இந்த போர்டு செட்டைத்தான் காப்பாற்றும், உங்களை ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்; ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டுக் கையை வைங்க.

அடுத்து, ஸ்பீக்கர் டெர்மினலில் டி.சி. வோல்டேஜ் பாருங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் காரணம் தேடணும். வோல்ட் கணக்கில் வந்தால் அவுட்புட் ஸ்டேஜ் கெட்டிருக்கிறது. அதில் ஸ்பீக்கரை மாட்டினால் வாய்ஸ் காயில் கருகிவிடும். நல்ல செட்டில் ஆன் செய்து சில விநாடி கழித்து 'டக்' என்று ரிலே சத்தம் வரும். பல செட்டுகளில் இந்தக் காவல்காரனே கிடையாது என்பதால் மீட்டர்தான் காவல்.

இனி ஸ்பீக்கர். 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கி ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரை வெளியிட்டார். அதுவரை ஆழமான பாஸ் வேண்டுமென்றால் பீரோ அளவு பெட்டி வேணும். வில்ச்சர் வூஃபரின் சஸ்பென்ஷனைத் தளர்வாகச் செய்து, காற்றுப் புகாத சின்னப் பெட்டியில் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். பின்னால் க்ளாஸ் ஆரம்பித்த அட்வென்ட் கம்பெனியின் 1969 ஸ்பீக்கரும் இதே வம்சம். இந்த மாதிரி மூடிய பெட்டியை வாங்கும்போது கோனை விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே தள்ளி விடுங்க. நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்று இறுக்கம். சட்டென்று துள்ளினால் எங்கோ ஒழுகுகிறது. தள்ளும்போது 'சரசர' என்று உரசினால் வாய்ஸ் காயில் நகர்ந்திருக்கிறது, விலையைப் பாதியாக்குங்க, அல்லது விட்டுவிடுங்க.

நுரை ஓரம் உதிர்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீங்க. அது பேரம் பேச நல்ல சாக்கு! நம்ம கடற்கரை ஈரத்தில் நுரை சீக்கிரம் போகும். ரப்பர் ஓரமும் துணி ஓரமும் தாங்கும். புது நுரை ஓரம் வாங்கி ஒட்டுவது பொறுமை இருக்கிற யாருக்கும் வரும். கிழிந்த ட்வீட்டர் டோம் வேறு கதை. யமஹா என்.எஸ்.1000எம் போன்றவற்றின் பெரிலியம் டோம் உடைந்தால் ஒட்டவும் முடியாது, அதன் தூளும் விஷம்.

'முப்பது வாட்டை நாற்பத்தஞ்சு ஆக்கினா அள்ளும் மச்சி' என்பார்கள். மராண்ட்ஸ் 2230 சேனலுக்கு 30 வாட், 2245 சேனலுக்கு 45. (மாடல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கமே வாட்தான்!) ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனால் கிடைப்பது 10 லாக் 1.5, அதாவது 1.76 டெசிபல். காது அதை 'கொஞ்சம்' என்றுதான் சொல்லும். அதே சமயம் 86 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கரை மாற்றி 92 உள்ளதைப் போட்டால் 6 டெசிபல், பவரில் நாலு மடங்கு. 15 வாட் செட், 60 வாட் செட் மாதிரி சத்தம் கொடுக்கும். எனவே காசு சேர்ந்தால் முதலில் ஸ்பீக்கர். இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கரை ஏ, பி இரண்டிலும் மாட்டி ஒன்றாக ஓட்டுகிறவர்கள் கவனிக்க: பேரலலில் அது 4 ஓம். பின்பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம் என்ன என்று படித்துவிட்டு செய்யுங்க.

ரிசீவருக்குள் மாற்றவேண்டியது எலக்ட்ரோலைட்டிக்தான். அதே மைக்ரோஃபாரட், வோல்டேஜ் அதே அல்லது கூட, 105 டிகிரி ரகம். மெயின் ஃபில்டரை ஆசைக்கு இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கினால், ஆன் செய்யும் கணத்தில் ரெக்டிஃபையர்தான் அடி வாங்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்காமல் ஒரு போர்டு முடித்து, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்க. தப்பு வந்தால் எங்கே என்று தெரியும். வால்யூமுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை திருப்பினால் போதும். தங்க முலாம் வயர், மந்திர கேபிள் எதுவும் வேண்டாம். சாதாரண தடிமனான செம்பு வயர் தாராளம்.

மொபைலையோ ப்ளூடூத் ரிசீவரையோ ஆக்ஸ் அல்லது டேப்-இன் சாக்கெட்டில் கொடுங்க. ஃபோனோவில் கொடுத்தால் ரெக்கார்டுக்கான ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்பாடும் கூடுதல் கெயினும் சேர்ந்து அலறும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, ட்வீட்டர் காது உயரத்தில் வையுங்க. பாஸ் காணாமல் போய், குரல் நடுவில் நிற்காமல் அலைந்தால் ஒரு பக்க வயர் தலைகீழ். ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டுப் பாருங்க, இரண்டு வூஃபரும் ஒரே திசையில் நகரணும். பழைய ஜே.பி.எல். வூஃபர்களில் சிவப்பில் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளேதான் போகும், அது கோளாறு அல்ல.

ராத்திரி பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டாத அளவுக்கு வால்யூமைக் குறைத்தால் பாட்டு சப்பென்று ஆகிவிடும். சத்தம் குறையக் குறைய நம்ம காது பாஸை அதிகமாக இழக்கிறது என்று 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். முகப்பில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருக்குமே, அது அதற்குத்தான். அழுத்திவிட்டுக் கேளுங்க.