பெயரில்லாத நிறம்: ஒரு வேற்றுலகக் கதை சொல்லித் தரும் அறிவியல்

வேற்றுலக உயிர் ஒன்றை வரையச் சொன்னால், உங்களில் பலர் பெரிய தலை, இரண்டு கண்கள், மெலிந்த கைகள் என்று வரைவீர்கள். என் வகுப்பிலும் பெரும்பாலும் அப்படித்தான் வரைகிறார்கள். வரைந்த படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். அது மனித உருவம்தான். தோலின் நிறத்தைப் பச்சையாக மாற்றியிருக்கிறோம், அவ்வளவே.

அமெரிக்க எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட் (1890–1937) இதில் மாறுபட்டார். வேறோர் உலகிலிருந்து வரும் ஒன்று ஏன் நம்மைப் போல இருக்க வேண்டும் என்று கேட்டார். சிறு வயதிலேயே வானியலில் ஆர்வம் கொண்டு, உள்ளூர் நாளிதழ்களில் வானியல் கட்டுரைகள் எழுதியவர் அவர். 1927 செப்டம்பரில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் அவருடைய 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' என்ற சிறுகதை வெளிவந்தது. 'விண்வெளியிலிருந்து வந்த நிறம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். இந்தக் கதையில் வரும் வேற்றுலகப் பொருளுக்குக் கண் இல்லை, கை இல்லை, உடலே இல்லை. அது ஒரு நிறம் மட்டுமே.

இது பயமூட்டும் கதை. ஆனால் அறிவியல் மாணவர்கள் இதை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். நமக்குப் பெயர் தெரியாத ஒன்று எதிரே வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும்? அந்தக் கேள்வியோடு கதைக்குள் போவோம்.

கதை என்ன?

கதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடக்கிறது. ஆர்க்காம் என்ற கற்பனை ஊருக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்கு. அங்கு நீர்த்தேக்கம் கட்டுவதற்காக நில அளவையாளர் ஒருவர் வருகிறார். நடுவே ஓரிடத்தில் மட்டும் புல் பூண்டு எதுவும் முளைக்காமல் சாம்பல் நிறத்தில் தரிசாகக் கிடக்கிறது. காரணம் கேட்டால் ஊரார் பேச மறுக்கிறார்கள். அம்மி பியர்ஸ் என்ற முதியவர் மட்டும் நடந்ததைச் சொல்கிறார்.

1882 ஜூன் மாதம், நேஹம் கார்ட்னர் என்ற விவசாயியின் கிணற்றருகே ஒரு விண்கல் விழுந்தது. மிஸ்கடோனிக் பல்கலைக்கழகம் என்ற கற்பனைப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேராசிரியர்கள் வந்து பார்த்தார்கள். கல் சில நாள்களில் சுருங்கி, மின்னல்கள் தாக்கிய ஓர் இரவுக்குப் பின் இல்லாமலே போனது. அந்த ஆண்டு நேஹமின் தோட்டத்தில் பழங்கள் என்றும் இல்லாத அளவுக்குப் பருத்துப் பளபளத்தன. கடித்தால் கசந்தன. அடுத்த வசந்தத்தில் செடிகள் எவரும் பார்த்திராத நிறத்தில் முளைத்தன. பிறகு எல்லாம் சாம்பல் நிறமாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்தன. செடிக்குப் பின் கால்நடை, கால்நடைக்குப் பின் மனிதர் என்று அந்தக் குடும்பமே அழிந்தது. முடிவில் அந்த நிறம் கிணற்றிலிருந்து எழுந்து வானத்துக்குத் திரும்பியது. அதில் ஒரு சிறு பகுதி மட்டும் மீண்டும் கிணற்றில் விழுந்ததை அம்மி பார்த்தார். அந்தப் பள்ளத்தாக்குதான் இனி நீர்த்தேக்கமாகப் போகிறது. லவ்கிராஃப்ட் வாழ்ந்த ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1920களில் சிட்டுவேட் என்ற பெரிய நீர்த்தேக்கம் கட்டப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் நடந்தது

பேராசிரியர்கள் கல்லின் ஒரு துண்டைக் கொண்டுபோய்ச் செய்த சோதனைகளைப் பட்டியலிட்டால், உங்கள் வேதியியல் செய்முறைப் பாடம் போலவே இருக்கும். சூடாக்கிப் பார்த்தார்கள், வாயு எதுவும் வெளிவரவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம், நைட்ரிக் அமிலம், தங்கத்தையே கரைக்கும் இராஜ திராவகம் ஆகியவற்றில் இட்டுப் பார்த்தார்கள், கரையவில்லை. காந்தத்தன்மை இருந்தது. இருட்டில் ஒளிர்ந்தது. எத்தனை நேரமானாலும் ஆறவில்லை. கண்ணாடிக் கலனில் வைத்த துண்டு, மறுநாள் கலனோடு சேர்ந்து மறைந்துபோனது. சூடாக்கி நிறமாலைகாட்டி வழியாகப் பார்த்தபோது, எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத பட்டைகள் தெரிந்தன.

இவை சரியான சோதனைகள்தாம். லவ்கிராஃப்ட் இங்கே பேராசிரியர்களைக் கேலி செய்யவில்லை. கல் மட்டும் நிஜ விண்கல்லிலிருந்து வேறுபடுகிறது. நிஜ விண்கற்கள் விழுந்ததும் நீண்ட நேரம் கொதித்துக்கொண்டிருப்பதில்லை. காற்று மண்டலத்தைச் சில நொடிகளில் கடப்பதால் மேற்பரப்பு மட்டுமே உருகுகிறது. உள்ளே விண்வெளியின் குளிர் அப்படியே இருக்கிறது.

புதிய நிறம் ஒன்று இருக்க முடியுமா?

நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களைப் பார்க்கிறது. விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. நாம் காணும் எல்லா நிறங்களும் இம்மூன்றும் தரும் தகவலை மூளை சேர்த்துப் பார்ப்பதால் உண்டாகின்றன. புற ஊதா, அகச்சிவப்பு ஒளியைக் கருவி அறியும், கண் அறியாது. ஆகவே கண்ணால் பார்க்க முடிந்த, ஆனால் பெயர் சொல்ல முடியாத நிறம் என்பது நம் அனுபவத்துக்கு அப்பாற்பட்டது. கதையிலும் வேறு சொல் இல்லாததால்தான் அதை 'நிறம்' என்கிறார்கள்.

நிறமாலைகாட்டி இங்கேதான் உதவுகிறது. அது நிறத்தின் பெயரைக் கேட்பதில்லை. கோடு எந்த அலைநீளத்தில் விழுகிறது என்று ஓர் எண்ணைத் தருகிறது. இதற்கு உண்மையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம். அன்றைய மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் சூரியனின் விளிம்பில் எழும் வாயுக் கொழுந்துகளை நிறமாலைகாட்டியால் ஆராய்ந்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் சூரிய நிறமாலையில் தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டைக் கவனமாக அளந்தார். சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் இருக்கின்றன. இந்தக் கோடோ 587.6இல் இருந்தது. கண்ணுக்கு எல்லாமே மஞ்சள்தான். எண்ணோ வேறு.

பூமியில் எவரும் அறியாத தனிமம் அது என்று லாக்கியர் கருதினார். கிரேக்க மொழியில் சூரியனைக் குறிக்கும் 'ஹீலியோஸ்' என்ற சொல்லிலிருந்து அதற்கு ஹீலியம் என்ற பெயர் வந்தது. பலர் நம்பவில்லை. 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 1895இல், வில்லியம் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து வெளிவந்த வாயுவில் அதே கோட்டைக் கண்டார். இன்று பலூனுக்குள் அடைக்கும் வாயு அதுதான்.

தெரியாத கோடெல்லாம் புதிய தனிமம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவில் பச்சைக் கோடுகளைக் கண்டார். அவற்றுக்குக் காரணம் 'நெபுலியம்' என்ற புதிய தனிமம் என்று பலர் எண்ணினார்கள். 60 ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகு ஐரா போவென் உண்மையை விளக்கினார். அது நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன்தான். ஒவ்வோர் அணுவும் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து, மிக மிக அடர்த்தி குறைந்த நிலையில் இருந்ததால் அப்படி ஒளிர்ந்தது. போவென் இதைக் கண்டறிந்த ஆண்டு 1927. லவ்கிராஃப்டின் கதை வெளிவந்த அதே ஆண்டு.

ஒரு கோடு புதிய தனிமத்தைக் காட்டியது. மற்றொன்று பழைய தனிமத்தின் புதிய நிலையைக் காட்டியது. விடை வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை ஆய்வாளர்கள் கோட்டைக் குறித்து வைத்திருந்தார்கள், மறக்கவில்லை.

அது உயிரா, கதிர்வீச்சா?

கதையை விளக்குவோர் இங்கே இரண்டாகப் பிரிகிறார்கள். உயிர் என்பவர்களுக்குச் சான்றுகள் உண்டு. அது உயிர்களை உறிஞ்சி வலுப்பெறுகிறது. வலுப்பெற்றதும் இடம்பெயர்கிறது. கல்லுக்குள் இருந்த பளபளப்பான உருண்டையை விதை என்றோ முட்டை என்றோ கொள்ளலாம். உயிருள்ளவற்றின் தன்மைகள் என்று நீங்கள் படித்த ஊட்டம், வளர்ச்சி, இயக்கம் ஆகியவை இதில் தெரிகின்றன. சுவாசமும் செல் அமைப்பும் தெரியவில்லை.

கதிர்வீச்சு என்பவர்களுக்கும் சான்றுகள் உண்டு. இருட்டில் ஒளிர்வது, ஆறாத வெப்பம், நீர் வழியாகப் பரவும் நோய், மெல்ல அழியும் உடல். இது வெறும் கற்பனை என்று தள்ள முடியாத காலம் அது. இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசி நோயுற்ற பெண்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வழக்குத் தொடுத்ததும் 1927இல்தான்.

எது சரி? கதை விடை தரவில்லை, வேண்டுமென்றே தரவில்லை. அந்த நிறம் நேஹமை வெறுத்ததா, பசியால் தின்றதா, அவர் அங்கே இருப்பதையாவது அறிந்ததா என்றும் சொல்லவில்லை. வெறுப்பு, பசி, அறிவு எல்லாம் நம் சொற்கள். அவை அதற்குப் பொருந்துமா என்பதே தெரியாது. பிரபஞ்சத் திகில் என்ற கதை வகையின் அடிப்படை இதுதான்: பிரபஞ்சம் நமக்கு எதிரியும் இல்லை, நண்பனும் இல்லை, நம்மைக் கருத்தில் கொள்வதே இல்லை.

பேராசிரியர்கள் எங்கே தவறினார்கள்?

என் கருத்தில் கதையின் மிக முக்கியமான இடம், பலர் வேகமாகக் கடந்துவிடும் ஓர் இடம்.

கல் மறைந்த பிறகு, மார்ச் மாதத்தில் சதுப்புச் செடிகள் விசித்திர நிறத்தில் முளைத்தன. குதிரைகள் மிரண்டன. பனியில் பதிந்த விலங்குகளின் காலடித் தடங்கள் வழக்கம்போல் இல்லை என்றார் நேஹம். செய்தி பேராசிரியர்களுக்கு எட்டியது. கல்லிலிருந்து ஏதோ கனிமம் மண்ணில் கலந்திருக்கும், மழை அதைக் கழுவிவிடும் என்றார்கள். மற்றதெல்லாம் படிக்காத நாட்டுப்புறத்தாரின் கட்டுக்கதை என்று ஒதுக்கி, பண்ணைப் பக்கமே வராமல் இருந்துவிட்டார்கள்.

ஒன்றரை ஆண்டுக்கு மேல் சென்ற பிறகு, காவல்துறை கொடுத்த தூசியைச் சோதித்த ஒரு பேராசிரியருக்கு நினைவு வந்தது. அன்று செடியில் இருந்த நிறமும், கல்லின் நிறமாலையில் தெரிந்த பட்டையின் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. தூசியிலும் முதலில் அதே பட்டைகள்தான் தெரிந்தன. விடைக்கான இரண்டு சான்றுகளும் அவரிடமே இருந்தன. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க அந்த மார்ச் மாதத்தில் எவரும் முன்வரவில்லை. அதற்குள் குடும்பம் அழிந்துவிட்டது.

கருவி பழுதாகவில்லை. சோதனை தவறவில்லை. விளக்கம் கிடைக்காத முடிவு வந்தபோது கவனத்தைக் கூட்டாமல் குறைத்ததுதான் தவறு. சொன்னவர் விவசாயி என்பதால் அவர் கண்ணால் பார்த்ததும் சான்றாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. நேஹமின் விளக்கம் தவறாக இருக்கலாம். அவர் பார்த்தது தவறு என்று அதற்குப் பொருளில்லை. அவதானிப்பு வேறு, ஊகம் வேறு என்று நாம் படிப்பது இதற்காகத்தான்.

இப்படி உண்மையிலேயே நடந்திருக்கிறது. ஜப்பானின் மினமாதா என்ற கடலோர ஊரில் 1950களில் பூனைகள் தள்ளாடி, வலிப்பு வந்து செத்தன. மீனவர்கள் அதைப் பார்த்தார்கள். 1956 மே மாதம் மனிதர்களுக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக உடலுக்குள் போனதே காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968இல். வேற்றுலகிலிருந்து அங்கே எதுவும் வரவில்லை. ஆனால் நீர், விலங்கு, மனிதர் என்ற வரிசை கதையில் உள்ளதுதான்.

ஆகவே உங்கள் வீட்டருகே ஆற்று நீரின் நிறம் மாறினால், மீன்கள் செத்து மிதந்தால், வகுப்பறையில் இதுவரை இல்லாத நெடி வந்தால், நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து, தொடாமல் விலகி நின்று, ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

பழைய குறுந்தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பளபளப்பான பக்கத்தில் வெள்ளை எல்இடி விளக்கின் ஒளி பட்டுத் தெரியும் நிறங்களைப் பாருங்கள். பிறகு குழல்விளக்கு, மெழுகுவத்தி ஆகியவற்றின் ஒளியில் பாருங்கள். எதில் நிறங்கள் தொடர்ச்சியாக உள்ளன? எதில் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிகின்றன? பார்த்ததை முதலில் வரைந்து, காரணத்தைப் பிறகு எழுதுங்கள். சூரிய ஒளியில் இதைச் செய்யக் கூடாது; கண்ணுக்கு ஆபத்து.

சிந்தனைக்கு

1. உயிருள்ளவற்றின் தன்மைகளை அட்டவணையாக எழுதி, கதையில் வரும் நிறம் எவற்றை நிறைவு செய்கிறது என்று குறியுங்கள். உங்கள் முடிவு என்ன?

2. மார்ச் மாதத்தில் நீங்கள் அந்தப் பேராசிரியராக இருந்திருந்தால், பண்ணையிலிருந்து எந்த மூன்று மாதிரிகளைச் சேகரித்திருப்பீர்கள்? ஒப்பிடுவதற்குக் கட்டுப்பாட்டு மாதிரியை எங்கிருந்து எடுத்திருப்பீர்கள்?

3. நேஹமின் கூற்றுகளில் அவதானிப்பு எது, ஊகம் எது என்று பிரித்து எழுதுங்கள்.

4. கிணற்றில் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. அதன் மேல் நீர்த்தேக்கம் வரப்போகிறது. அனுமதி தருவதற்கு முன் எந்தச் சோதனைகளைச் செய்யச் சொல்வீர்கள்?