அம்மாச்சியின் கதையை எழுதப்போகும் மருமகளுக்கு



குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதி வரும்படி கல்லூரியில் சொன்னதும் உனக்கு அம்மாச்சி நினைவு வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நீ எழுதிய கடிதத்தில், "மம்சாபுரத்துல பிறந்தாங்க, சத்திரப்பட்டிக்கு வாக்கப்பட்டாங்க, அவ்வளவுதான மாமா? இதை வச்சு எப்படிப் பத்துப் பக்கம் எழுத?" என்றும் கேட்டிருக்கிறாய். நூறு பக்கத்துக்கு விஷயம் இருக்கிறது. கேட்கிற விதத்தில் கேட்டால் அவளே சொல்லுவாள்.

முதலில் காலத்தைப் பிடி. அம்மாச்சியின் ஆதார் அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கும். அதை நம்பாதே, வருஷம் மட்டும் தெரிந்தவர்களுக்கெல்லாம் அப்படித்தான் பதிந்து கொடுத்தார்கள். அவளிடம் வருஷக் கணக்குக் கேட்டால் திணறுவாள். "தனுஷ்கோடி அழிஞ்ச புயலப்போ கையில எந்தப் பிள்ளை இருந்துச்சு?" என்று கேள், உடனே சொல்லுவாள். அது 1964 டிசம்பர். "விருதுநகர்ல காமராஜர் தோத்தப்போ?" என்று கேள். அது 1967. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேருக்கு இரண்டு நாள் முன்னே, தேருக்கு மறுவாரம் என்று அவளுக்கு மாதங்களும் பிசகாது. இந்த முடிச்சுகளை நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டால் பிள்ளைப்பேறுகளும் சாவுகளும் வீடு கட்டியதும் தாமாக அவற்றில் வந்து சேரும்.

அடுத்தது ஊர் எந்த மாவட்டம் என்பது. அவளுடைய பாட்டி பிறந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது. பெயர்தான் ராமநாதபுரம், கலெக்டர் ஆபீஸ் இருந்ததோ மதுரையில். அம்மாச்சி பிறந்ததும் நான் பிறந்ததும் உன் அம்மா பிறந்ததும் அந்த ஜில்லாவில்தான். 1985-ல் காமராஜர் மாவட்டம் ஆயிற்று. 1997-ல் விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. நீ பிறந்தது அதில். ஒரே வட்டாரம்தான், தலைமுறைக்கு ஒரு முகவரி. ராஜபாளையமே முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவுக்குள் இருந்த ஊர் என்பதால், பழைய பத்திரங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வேறு யாருடைய சொத்தோ என்று தள்ளி வைத்துவிடாதே.

பத்திரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

ஊரில் நிலக் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. 1980-ல் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒழித்துவிட்டு வி.ஏ.ஓ.க்களை வைத்தார்கள். யு.டி.ஆர். என்று எல்லாரும் சொல்கிற பட்டா திருத்தமும் அந்தச் சமயத்தில் நடந்ததுதான். இந்தக் கணக்குகளில் நம் வீட்டு ஆண்களின் பெயர் வரிசையாக இருக்கும். அம்மாச்சியைத் தேடினால் கிடைக்க மாட்டாள். ஒரே ஓர் இடத்தில் இருப்பாள்: அவளுடைய அப்பா இறந்த பிறகு, சகோதரர்களுக்கு அவளும் அவள் தங்கையும் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தில். எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று சொல்லி வைத்த கைநாட்டு அது. நம் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்களின் பெயர் பத்திரத்தில் ஏறுகிற இடம் பெரும்பாலும் இதுதான். தகப்பன் தன் கையால் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் பங்கு என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல உரிமை என்று தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்த சட்டமோ அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்குத்தான் பொருந்தியது. இந்திய அளவில் அந்த உரிமை வந்தது 2005-ல். அம்மாச்சி அந்தப் பிந்தைய இரண்டு சட்டங்களுக்கும் முன்பே வாக்கப்பட்டு, பிள்ளைகள் பெற்று, கைநாட்டும் வைத்துவிட்டாள்.

இதை அவளிடம் கேட்கும்போது "ஏன் விட்டுக்கொடுத்தீங்க?" என்று தொடங்காதே. அது அவளைக் குற்றவாளி ஆக்குகிற கேள்வி. பதிவு ஆபீசுக்கு யார் கூட்டிப்போனார்கள், என்ன சேலை கட்டியிருந்தாள், பத்திரத்தை யாராவது வாசித்துக் காட்டினார்களா, திரும்பி வரும்போது என்ன வாங்கிக்கொடுத்தார்கள், அந்த வருஷப் பொங்கலுக்குச் சீர் வந்ததா என்று கேள். பிறந்த வீட்டு வாசல் தனக்குக் கடைசிவரை திறந்திருக்க வேண்டும் என்ற நினைப்பும் அந்தக் கைநாட்டில் இருந்தது என்றுதான் நான் கருதுகிறேன். அவள் வேறு காரணம் சொன்னால் அதை எழுது.

பெண்களின் பெயர் விடுபடுவது பத்திரத்தில் மட்டுமல்ல. ராஜபாளையம் பெற்றெடுத்த பெரிய மனிதர் பூ.ச. குமாரசாமி ராஜாவை உனக்குத் தெரியும். 1898-ல் பிறந்தவர், 1949-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர், நாடு குடியரசான பிறகு 1952 வரை முதலமைச்சர், பிறகு ஒரிசாவின் கவர்னர். இருந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்துவிட்டார். காந்தி கலை மன்றம் அப்படி வந்ததுதான். 1957-ல் மறைந்தார். பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்த அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவருடைய பாட்டி. மன்றத்துக்கு வருகிறவர்களிடம் அந்தப் பாட்டியின் பெயரைக் கேட்டுப் பார். முதலமைச்சரை வளர்த்தவளுக்கே கதி இது என்றால், உன் நோட்டில் பெண்களின் பெயரை ஒன்றுவிடாமல் எழுத வேண்டியது எவ்வளவு அவசியம் என்று உனக்கே தெரியும். "இன்னாரின் மனைவி" என்று நிறுத்தாதே. பேறு பார்த்தவள், கூட வேலை பார்த்தவள், கைமாத்துக் கொடுத்தவள், எல்லாருடைய பெயரும் வேண்டும்.

வேலையைப் பற்றி விரிவாகக் கேள். "வீட்டுலதான் இருந்தேன்" என்பாள். அது உண்மையில்லை. கரிசலில் விளைந்த பருத்தி ராஜபாளையம் மில்களில் நூலாகி, சத்திரப்பட்டித் தறிகளில் பேண்டேஜ் துணி ஆகிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்த நூலைத் தறியில் ஓட்டுவதற்குத் தார் சுற்றிக்கொடுத்த பெண்களைப் பற்றி யார் எழுதினார்கள்? அம்மாச்சி ராட்டை முன்னால் உட்கார்ந்து, சிட்டத்து நூலைத் தாரில் ஏற்றுவாள். வலது கை ராட்டையைச் சுற்ற, இடது கை விரல்களுக்கு நடுவே நூல் ஓடும். இழுத்துப் பிடித்தால் அறும். விட்டுப் பிடித்தால் தார் தொளதொளவென்று ஆகி, தறியில் சரிந்து சிக்கும். அவளுடைய இடது ஆட்காட்டி விரலில் நூல் ஓடி ஓடி விழுந்த கோடு இன்னும் இருக்கிறது. உன் விரலை அதில் வைத்துப் பார். ஒரு நாளைக்கு எத்தனை தார், கூலி என்ன, காசு யார் கையில் போய்ச் சேர்ந்தது, பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்தால் வேலை என்ன ஆகும் என்று கேள். ஆஸ்பத்திரியில் யார் காயத்துக்கோ கட்டுப் போடுகிற மெல்லிய துணியில் இந்த வேலையும் இருக்கிறது. விசைத்தறி பெருகிய பிறகு அவள் ராட்டை என்ன ஆயிற்று என்பதையும் விட்டுவிடாதே.

தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் எந்தக் கிராமத்து வாழ்க்கையும் எழுத முடியாது. எந்தக் கிணறு, எத்தனை குடம், கண்மாய் வற்றினால் எங்கே போனார்கள். அந்தக் கிணற்றில் யார் இறைக்கலாம், யார் தள்ளி நின்று ஊற்றச் சொல்லிக் காத்திருக்க வேண்டும் என்பதையும் கேள். நம் வீட்டார் இறைக்கிற பக்கம் நின்றவர்கள். அம்மாச்சி அன்பானவள் என்பதற்காக இதை மூடி எழுதினால், காத்து நின்றவர்களின் பேத்தி உன்னிடம் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போகும். இதைக் கேட்டால் அம்மாச்சி சங்கடப்படுவாள், பேச்சை மாற்றுவாள். பேச்சை மாற்றினாள் என்றே எழுது.

கேட்கிற நேரமும் முக்கியம். எதிரே உட்கார்ந்து நோட்டை விரித்தால் வாய் மூடிவிடும். மொச்சை உரிக்கும்போதோ கீரை ஆயும்போதோ கூட உட்கார்ந்து நீயும் ஆய். அவளிடம் சொல்லிவிட்டுப் போனைப் பதிவில் போட்டு ஓரமாக வை. ஒரு தடவைக்கு ஒரு விஷயம் போதும். இரண்டு தடவை இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுது. அவள் பேச்சைப் புத்தகத் தமிழாக்காதே. இறந்துபோன பிள்ளையைப் பற்றி நீயாகக் கேட்காதே. அவளாகச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கேள்.

மம்சாபுரத்தில் அவள் தங்கை இருக்கிறாள். அங்கேயும் போ. மலையடிவாரத்தில் விறகு பொறுக்கப் போன கதை சின்ன அம்மாச்சிக்குத்தான் நன்றாகத் தெரியும். அம்மாச்சி கல்யாணம் ஆகி வந்த பிறகும் அவள் போய்க்கொண்டிருந்தாள். 1988-ல் அந்த மலையைச் சாம்பல் நிற அணில் சரணாலயமாக்கினார்கள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் வந்தது. காடு பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காட்டுக்குக் காவல் கூடிய பிறகு அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது அவளைப் போன்றவர்கள் சொன்னால்தான் தெரியும்.

பொங்கலுக்கு முன்பே போய்விடு, பிறகு கல்யாண வீடுகள் தொடங்கிவிடும். காலை பத்து மணிக்கு மேல் போனால் பேசுவாள். இடது காது மந்தம், வலது பக்கமாக உட்கார். விடுதலைப் பத்திரத்தின் நகல் அவளுடைய டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கிறது. அவளையே எடுத்துத் தரச் சொல்.

அன்புடன்,
மாமா