மேனியும் என்பும்: பழைய லாண்ட் ரோவர் ஊர்தியின் உடற்கேடுகள்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. மாந்தரிடத்து இஃது எத்துணை உண்மை என்பதை அறிந்தோர் ஆராய்க. ஊர்தியினத்துள் ஒன்றனிடத்தோ இப்பழமொழி முற்றும் பொய்த்துவிடுகின்றது. அதன் மேனியில் ஒரு புள்ளித் துருவும் காணப்படாது. அடியிலுள்ள என்போ கூரிய கோலொன்றால் குத்திய அளவிலே உதிரும் நிலையை அடைந்திருக்கும். இங்கிலாந்தில் தோன்றி, சாலையற்ற காடும் மேடும் கடந்து உலகெங்கும் பரவிய பழைய லாண்ட் ரோவர் வண்டியே அது. அதன் மேனியிலும் சட்டத்திலும் பெரும்பான்மை தோன்றும் கேடுகள் யாவை, அவற்றின் முதல் யாது, அவற்றை நாடியறிந்து நீக்கும் முறை யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயில்வோர்க்கு ஊர்தியின் என்பில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஒரு சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எவ்வுறுப்பு எதனோடு சேர்ந்தது, சேருமிடத்தே யாது திரிந்தது என்று நோக்குவதே நமக்குப் பழகிய கல்வி. இவ்வூர்தியின் கேடுகளும் பெரும்பாலும் ஒன்றோடொன்று புணருமிடத்தேதான் பிறக்கின்றன. ஆதலின் இவ்வாராய்ச்சி நமக்கு முற்றும் புறம்பானதன்று.

தோற்றம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியறிஞராய் விளங்கிய மாரிஸ் வில்க்ஸ் என்பார், வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கில்சீ தீவிலிருந்த தம் பண்ணையில், போரில் எஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதனைப் போன்று உழவர்க்குப் பயன்படும் வண்டியொன்றைத் தம் நாட்டிலேயே செய்யலாம் என்னும் எண்ணம் 1947-ஆம் ஆண்டில் அவர்க்குத் தோன்றிற்று. 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரத்து மோட்டார் கண்காட்சியில் புதிய வண்டி உலகோர்க்குக் காட்டப்பட்டது. முதல் வரிசை 1958 வரையிலும், இரண்டாம் வரிசையும் அதன் திருந்திய வடிவும் 1971 வரையிலும், மூன்றாம் வரிசை 1985 வரையிலும் செய்யப்பட்டன. இம்மூன்று வரிசைகளையே பழைய லாண்ட் ரோவர் என்று இக்கட்டுரையில் குறிக்கின்றோம். இவ்வமைப்பின் வழிவந்த வண்டியோ 2016 ஜனவரி 29 வரை சோலிஹல் தொழிற்சாலையில் செய்யப்பட்டு வந்தது.

போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகு அரிதாயிருந்தது. அரசாங்கத்தாரின் பங்கீட்டிற்கு உட்பட்டே அது கிடைத்தது. விமானத் தொழிலுக்கென உண்டாக்கப்பட்ட அலுமினியமோ எளிதிற் கிடைத்தது. ஆதலின் வண்டியின் மேல்தகடுகள் பர்மாபிரைட் என்னும் அலுமினிய-மெக்னீசியக் கலப்புலோகத்தால் செய்யப்பட்டன. வண்டியின் நீண்ட ஆயுளுக்கும் அதன் மறைந்த நோய்க்கும் இந்த ஒரு முடிவே காரணமாயிற்று.

உறுப்பமைப்பு

நோயை அறிய வேண்டின் முதலில் உடலை அறிதல் வேண்டும். பட்டறைகளில் சேஸிஸ் என்று வழங்கும் அடிச்சட்டமே இவ்வண்டியின் முதுகெலும்பு. வார்ப்பச்சுகளில் அழுத்தி வளைக்கப் பெரும்பொருள் வேண்டியிருந்தமையால், தட்டையான எஃகுத் தகடுகள் நான்கை விளிம்போடு விளிம்பு பற்றவைத்து, நீண்ட பெட்டி போன்ற இரண்டு சட்டங்களை அமைத்தனர். தகட்டின் கனம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். இவ்விரு நெடுஞ்சட்டங்களையும் குறுக்குச் சட்டங்கள் பிணைக்கின்றன. பக்கவாட்டில் கைகள் போல நீளும் குறுஞ்சட்டங்கள் மேலுள்ள உடலைத் தாங்குகின்றன. சக்கரங்களின் பாரத்தை ஏற்கும் வில்பட்டைகள் சட்டத்தின் அடியில் பற்றவைத்த கொண்டிகளில் மாட்டப்பட்டுள்ளன.

எஞ்சின் இருக்கும் அறைக்கும் ஓட்டுவோர் இருக்கைக்கும் நடுவே எஃகுச் சுவர் ஒன்று நிற்கின்றது. கதவுகளின் கீல்களும், முன்கண்ணாடியின் சட்டமும், பிரேக் முதலிய மிதிகளும், ஸ்டியரிங்கைத் தாங்கும் பிடியும் இச்சுவரைப் பற்றியே நிற்கின்றன. இதனை இடைச்சுவர் என்று வழங்குவோம். அலுமினியத் தகடுகள் இவ்விரண்டு எஃகு உறுப்புகளின் மேல் போர்த்த தோல் போல்வனவேயன்றி, பாரம் தாங்கும் என்பு அல்ல.

அடிச்சட்டத்தின் கேடு

இவ்வண்டியின் கேடுகளுள் தலையாயது அடிச்சட்டம் உள்ளிருந்து துருப்பிடித்தலாகும். பெட்டிச் சட்டத்தின் வெளிப்புறம் நன்கு வண்ணம் பூசப்பட்டது. உட்புறமெங்கும் அப்பூச்சுச் செவ்வையாய்ச் சென்று சேரவில்லை. சேற்றிலும் நீரிலும் செல்லுங்கால், அடியிலுள்ள துளைகளின் வழியே சேறு உட்புகுகின்றது. நீர் வடிதற்கென வைத்த துளைகளையும் அச்சேறே அடைத்துவிடுகின்றது. ஈரமும் காற்றும் இரும்பும் ஓரிடத்தே கூடின் துரு பிறப்பது இயற்கை. குளிர்காலத்தில் பிரிட்டனின் சாலைகளில் பனி உறையாதிருத்தற் பொருட்டு உப்புத் தூவுகின்றனர். செஷயரிலுள்ள வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்தில் இதற்கென்றே கல்லுப்பு வெட்டியெடுக்கப்படுகின்றது. அவ்வுப்பு ஈரத்தோடு கலந்து துருவின் வேலையைப் பன்மடங்கு விரைவாக்குகின்றது.

எல்லா இடமும் ஒருங்கே கெடுவதில்லை. முதலாவது, பின்சக்கரங்கள் வீசியெறியும் சேறு முழுவதையும் ஏற்கும் கடைசிக் குறுக்குச் சட்டம் கெடும். இரண்டாவது, இடைச்சுவரைத் தாங்கும் பக்கக் கைகள் கெடும். அவற்றின் மேற்பரப்பில் மண் தங்கி எந்நாளும் ஈரமாய்க் கிடக்கும். மூன்றாவது, வில்பட்டைக் கொண்டிகளைச் சுற்றியுள்ள தகடு கெடும். பார்வைக்கு இம்மூன்றாவது சிறிதாயினும், உயிர்க்கு இதுவே பெரிது. வண்டியின் பாரமும் பாதையின் அதிர்ச்சியும் இக்கொண்டியில் வந்தே கூடுகின்றன. அத்தகடு கிழியுமாயின் அச்சு தன்னிடம் விட்டு நகரும். ஓட்டுவோர் ஒரு புறம் திருப்ப வண்டி மற்றொரு புறம் செல்லும்.

இடைச்சுவரின் கேடு

இடைச்சுவர் பல தகடுகளை ஒன்றன்மேலொன்று வைத்துப் புள்ளி புள்ளியாய்ப் பற்றவைத்து ஆக்கப்பட்டது. அவ்விரு தகடுகளின் நடுவே நூலிழை போன்ற இடைவெளியில் நீர் புகுந்து தங்குகின்றது. துருவானது தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் மிகுதியான இடங்கொள்வது. ஆதலின் அது வளருந்தோறும் தகடுகளைப் பிளந்து பிரிக்கின்றது. கால் வைக்கும் பள்ளங்கள், கதவுக் கீல்களைத் தாங்கும் தூண்களின் அடிப்பாகம், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள இரண்டு மேல்மூலைகள் ஆகியவை இவ்வாறு கெடும் இடங்களாம். கதவைத் திறந்து மேலும் கீழும் சிறிது அசைத்துப் பார்க்குமிடத்துத் தூணும் உடன் அசையுமாயின் நோய் முற்றியது என அறியலாம்.

ஈருலோகப் பகை

அலுமினியம் துருப்பிடியாது என்று எண்ணி, மேல்தகடுகளைப் பற்றிக் கவலையின்றியிருப்போர் பலர். தனித்து நிற்கும் அலுமினியம் தன்மேல் மெல்லிய படலம் ஒன்றைத் தானே உண்டாக்கித் தன்னைக் காத்துக்கொள்வது மெய்யே. எஃகோடு சேர்ந்து நிற்குமிடத்தோ நிலைமை வேறு. வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, நடுவே உப்பு நீர் தங்குமாயின் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகின்றது. அவற்றுள் எளிதிற் கரையும் உலோகம் கரைந்து மற்றதனைக் காக்கின்றது. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நேரும் இப்பகையில் கரைவது அலுமினியமே.

ஆகவே எஃகு போல்ட்டும் ரிவிட்டும் துளைத்துச் செல்லும் இடங்களிலும், எஃகுப் பட்டைகள் விளிம்பிற் பதிந்த இடங்களிலும் முதலில் வண்ணம் கொப்புளிக்கும். அதனைச் சுரண்டின் வெண்மையான பொடி உதிரும். பின்னர் தகடு சல்லடையாகும். எஃகுப் பட்டைகளுக்கு இட்ட துத்தநாக முலாம் இதனைச் சில காலம் தடுக்கும். துத்தநாகம் அலுமினியத்தினும் எளிதிற் கரைவதாகலின் தன்னையே முதலில் அழித்துக்கொள்ளும். அது தீர்ந்தபின் காப்பாரில்லை. கதவுகளின் அடிப்பாகமும் இவ்வாறே கெடுகின்றது. அலுமினியத் தோலுக்குள் எஃகுச் சட்டம் மறைந்திருத்தலின் இரண்டும் ஒருங்கே அழிகின்றன.

தேர்ந்தறியும் முறை

சந்தையில் மட்பானை வாங்குவோர் அதனை விரலால் தட்டி ஓசை கேட்டே வாங்குவர். அம்முறையே ஈண்டும் நன்று. சிறு சுத்தியால் அடிச்சட்டத்தை முழு நீளமும் தட்டிச் செல்க. நல்லிரும்பு கணீரென ஒலிக்கும். துருத்தின்ற இரும்பு மொத்தென்று ஒலிக்கும். பக்கங்களை மட்டும் தட்டி நிறுத்தாது, சேறு தங்கும் அடித்தகட்டையும் தட்டுதல் வேண்டும். வடிதுளைகளுள் கம்பியை விட்டு அசைக்குங்கால் செதில் செதிலாய்த் துரு உதிருமாயின் உள்ளே நோய் உண்டென்பது தெற்றென விளங்கும். அடியெங்கும் புதிதாய்க் கருந்தார் பூசப்பெற்ற வண்டியை இருமடங்கு ஐயுறுக. தார் துருவையும் மறைக்கும், ஈரத்தையும் உள்ளே அடைக்கும்.

மற்றொரு சோதனையும் உண்டு. பள்ளத்தில் வீழ்ந்தோ மோதுண்டோ சட்டம் கோணியிருக்கலாம். முன்னே வலப்புறத்து ஓரிடத்திலிருந்து பின்னே இடப்புறத்து ஓரிடம் வரையிலும், அவற்றுக்கு நேரொத்த மற்றிரண்டு இடங்களின் நடுவிலும் குறுக்காக நூல் பிடித்து அளக்க. இரண்டு அளவும் ஒத்தால் சட்டம் செவ்விது, ஒவ்வாதாயின் கோணலுண்டு. இதற்கு நூலொன்றும் பொறுமையுமே வேண்டும்.

பரிகாரம்

பொய்ப் பரிகாரம் ஒன்றுண்டு. மெய்ப் பரிகாரம் ஒன்றுண்டு. துளைபட்ட இடத்தின்மேல் பட்டி பார்த்து வண்ணம் பூசுதலும், துருத் தகட்டின்மேலேயே புதுத் தகட்டை ஒட்டவைத்தலும் பொய்ப் பரிகாரங்களாம். துருவேறிய தகட்டில் பற்றவைப்பு உறுதியாய்ப் பிடியாது. இரு தகட்டினிடையே ஈரம் தங்கப் புதிய இடமும் உண்டாகும். கெட்ட பகுதியை நல்லிரும்பு காணும் வரையில் வெட்டியெடுத்து, அதே கனமுள்ள எஃகை விளிம்போடு பொருத்திப் பற்றவைத்தலே மெய்ப் பரிகாரம். வெட்டுமுன் சட்டம் கோணாதபடி முட்டுக் கொடுத்தல் வேண்டும். பாட்டரியின் தொடர்பை நீக்குதலும் வேண்டும். இவ்வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் தொட்டி முன்னிருக்கையின் அடியிலேயே உள்ளது. அதனைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் நெருப்பை அருகிற் கொண்டு செல்லுதல் உயிரோடு விளையாடுதலேயாம்.

சட்டம் முழுதும் கெட்டவிடத்துப் புதுச் சட்டம் மாற்றுவோரும் உளர். அதனை உருகிய துத்தநாகத்தில், ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், முழுதும் அமிழ்த்தி எடுப்பர். அப்போது துத்தநாகம் பெட்டியின் உட்புறத்தும் பாய்ந்து படிகின்றது. காற்று வெளியேறுதற்கும் துத்தநாகம் வடிதற்கும் துளைகள் இன்றியமையாதன. மூடிய உள்ளிடத்து ஈரம் சிக்குமாயின் ஆவியாகி வெடிக்கக்கூடும். 1948-இல் விற்பனைக்கு முன் சோதனைக்கென ஆக்கப்பட்ட வண்டிகளின் சட்டம் இத்தகைய முலாம் பெற்றிருந்தது என்பதும், விற்பனை வண்டிகளுக்கு வெறும் வண்ணமே பூசப்பட்டது என்பதும் எண்ணத்தக்கன.

அலுமினியமும் எஃகும் சேருமிடங்களில் இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி வண்ணமோ, நீர்புகாப் பசையோ, நைலான் வாஷரோ நடுவே இடுதல் நன்று. எவ்வகைச் சட்டமாயினும், சேற்றிற் சென்று மீண்ட பின் நல்ல நீரால் அடிப்புறம் கழுவி, வடிதுளைகளைத் திறந்து, ஆண்டுக்கொருமுறை உள்ளே மெழுகெண்ணெய் தெளித்து வருதல் எளிய காவலாகும்.

காண்பார் யார்?

பிரிட்டனில் ஊர்திகளை ஆண்டுதோறும் சோதிக்கும் சட்டம் 1960-இல் வந்தது. முதலில் பத்தாண்டு கடந்த வண்டிகளுக்கும், 1967 முதல் மூன்றாண்டு கடந்தவற்றுக்கும் அது விதிக்கப்பட்டது. வில்பட்டைக் கொண்டி முதலிய இன்றியமையா இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் சட்டத்தின் வலிமையைக் கெடுக்கும் துரு இருப்பின் வண்டி தேறாது. ஆயினும் 2018 மே மாதம் முதல், 40 ஆண்டு கடந்து, பெருமாறுதல் செய்யப்படாத வண்டிகளுக்கு இச்சோதனை கட்டாயமில்லை என்று விலக்களிக்கப்பட்டது. மூன்றாம் வரிசையின் இறுதி வண்டியும் 2025-ஆம் ஆண்டோடு அவ்வயதை எட்டிவிட்டது.

இவ்விலக்கு வண்டியுடையார்க்கு மகிழ்ச்சி தரலாம். துருவுக்கோ விலக்கு யாதுமில்லை. மலேசியாவின் கேமரன் மலைநாட்டில் காய்கறி சுமந்து நெடுங்காலம் இறங்கிய வண்டிக்கும், ஸ்காத்லாந்தின் மலைச்சரிவில் ஆடு மேய்ப்போரின் வண்டிக்கும் நியதி ஒன்றே. சோதிப்பாரின் கண் நீங்கியவிடத்து உடையவரின் கண்ணே காவல். எதிரே வருவோரும் உள்ளே அமர்ந்திருப்போரும் வண்டியின் பளபளப்பை நம்பியே தம் உயிரை ஒப்படைக்கின்றனர். அடியிற் குனிந்து பாராது அவ்வண்டியை ஓட்டுதலும், பட்டி பார்த்து வண்ணம் பூசிப் பிறர்க்கு விற்றலும் அறமாகா. பிறர் காணா இடத்தையும் செவ்விதாக வைத்தல் ஊர்தியுடையார்க்கு மட்டும் உரிய கடமையன்று. எனினும் அதனை இரும்பினிடத்துக் கற்போர் எளிதில் மறவார்.