சோலார் கரண்டை வீட்டு வயரிங்கில் சேர்க்கலாமா?



கம்பிக் கரண்ட் எட்டாத ஊர்களுக்கு ஒரு காலத்தில் சோலார்தான் வெளிச்சம் தந்தது. உலக வங்கிக் கடனுதவியோடு 1997 முதல் 2011 வரை நடந்த திட்டங்களில், நாடு முழுவதும் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இப்படி வெளிச்சம் பெற்றன. கூரையில் ஒரு தகடு, மூலையில் ஒரு பட்டரி, நாலைந்து 12 வோல்ட் பல்பு, அவ்வளவுதான். பிறகு 2022இல் நாள் முழுக்கக் கரண்ட் வெட்டினார்களே, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரைக்கும்! அதற்குப் பிறகு பட்டரியும் இன்வேர்ட்டரும் வாங்கி வைக்கும் ஆசை மீட்டர் உள்ள வீடுகளுக்கும் வந்துவிட்டது.

இன்வேர்ட்டர் என்பது பட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்ட் போல 230 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. அதில் நேரடியாக ஒரு பல்பையோ போன் சார்ஜரையோ குத்தினால் தொல்லையில்லை. ஆனால் சிலர் இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரை எடுத்து, ஒன்றை இன்வேர்ட்டரிலும் மற்றதைச் சுவர் பிளக்கிலும் குத்தி விடுகிறார்கள். வீடு முழுக்க எரியும், உண்மைதான். கூடவே அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே கம்பிக்கும் போகும்.

அங்கேதான் ஆபத்து. டிரான்ஸ்போமர் 33,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு 230 ஆகத் தருகிறது. பின்பக்கமாகக் கரண்ட் போனால் அதே பெட்டி 230ஐ ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். சின்ன இன்வேர்ட்டர் ஊர்ச் சுமை தாங்காமல் நின்றுவிடும் என்பார்கள். பல நேரம் நிற்கும். ஆனால் மரம் விழுந்து கம்பி பக்கத்திலேயே அறுந்திருந்தால் அதற்கு அவ்வளவு சுமை இருக்காது, நிற்காமல் ஓடும். கம்பத்தில் ஏறுகிற பிள்ளை செத்த கம்பி என்று நினைத்துத்தான் கை வைப்பான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளையை அடித்தபோது நம் மலைகளில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று நமக்குத் தெரியும். அந்த மாதிரி நாளில்தான் எல்லோரும் இன்வேர்ட்டரைத் தேடுவார்கள், கம்பி வேலைக்காரரும் கம்பத்தில் இருப்பார்.

"மெயின ஓப் பண்ணிட்டுத்தானே குத்துறோம், என்னா ஆகப்போவுது?" என்று கேட்பவர்கள் உண்டு. இருட்டில் ஒரு நாள் மறந்தால் போதும். நீங்கள் மறக்காவிட்டாலும், விவரம் தெரியாமல் தம்பியோ தங்கச்சியோ மெயினைப் போட்டுவிடலாம். கம்பிக் கரண்ட் திரும்பி வரும் நேரம் இரண்டும் மோதினால் இன்வேர்ட்டர் கருகும், தீயும் பிடிக்கலாம். அந்த வயரின் ஒரு முனையைக் கழற்றினால் அதன் பித்தளைக் கால்களிலேயே கரண்ட் நிற்கும். லயத்தில் ஒரே மீட்டரிலிருந்து அடுத்த காம்பராவுக்கும் வயர் இழுத்திருந்தால், நம் பிளக் அவர்கள் வீட்டுச் சுவரிலும் கரண்டை ஏற்றும், அவர்களுக்குத் தெரியாமலே.

முறையான வழி சேஞ்ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் கம்பி, ஒரு பக்கம் இன்வேர்ட்டர், நடுவில் ஓப். இரண்டும் ஒன்றாக நிற்க அதில் இடமே இல்லை. லைன், நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற வகையாகப் பார்த்து, தகுதியுள்ள வயரிங்காரரைக் கொண்டு போடுங்கள். இன்வேர்ட்டரில் ஓடும்போது ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றுமா என்றும் அவரிடமே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், எல்லா இணைப்பிலும் அது வேலை செய்யாது. பழைய 12 வோல்ட் வயரைச் சுவர் வயரிங்கில் தொடவே விடாதீர்கள்.

மீட்டரோடு சேர்த்துக் கரண்ட் கொடுத்து வாங்கும் சோலார் வேறு வகை. நம் நாட்டில் 2010இல் தொடங்கியது, 2016இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தோடு பெருகியது. அதற்கு மின்சார அலுவலக அனுமதியும் புது மீட்டரும் வேண்டும். லயக் கூரையென்றால் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பட்டரி இல்லாத இந்த வகை, கம்பிக் கரண்ட் போனதும் தானே நின்றுவிடும், உச்சி வெயிலிலும்கூட. கம்பத்தில் இருப்பவருக்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஐப்பசி முதல் தை வரை நம் பக்கத்து மழையிலும் மூட்டத்திலும் வரவும் குறையும். ஆகவே கரண்ட் வெட்டுக்காக மட்டும் தேடுகிறவர்கள், கடன் எடுத்து இதைப் போடுவதைவிட சின்னப் பட்டரியும் இரண்டு பல்பும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது என்பதே நம் அபிப்பிராயம்.