அப்பாவின் காரை யாரிடம் கொடுப்பது?

குடும்பத்தில் ஒருவர் மறைந்தபின் வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது அலைந்து முடித்துவிடுகிறார்கள். அவர் ஆசையாகப் பராமரித்த பழைய கார் மட்டும் ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்று உறை போர்த்தி ஷெட்டிலேயே நிற்கிறது. வைத்துக்கொள்வதா, விற்பதா, விற்றால் யாருக்கு, உடைக்கக் கொடுத்துவிடுவதா என்ற கேள்விகளைத் தள்ளிப்போட்டிருப்பதாகவே வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் நிறுத்திவைப்பதும் ஒரு முடிவுதான்; இருக்கிற முடிவுகளில் மிக மோசமானதும் அதுதான். ஓடாத கார் தானாகவே கெடும். பேட்டரி இறங்கும். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசினாக உறையும். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்க்கில் துருவேற்றும், பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். பிரேக் பிடித்துக்கொள்ளும், எலி ஒயரைக் கடிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று ஊர்களில் அடித்தகடு இன்னும் வேகமாக அரித்துப்போகும். அவர் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அவர் நினைவின் பெயராலேயே வீணாகிறது. விலையோ துக்கமோ இந்த முடிவை எடுக்கக் கூடாது. இனிமேல் இந்தக் காரை வாரம் ஒருமுறையாவது யார் எடுத்து ஓட்டுவார் என்ற ஒரே கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஆர்.சி.யில் பெயர் மாற்றுவது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56ஆவது விதி இதைச் சொல்கிறது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள், அவர் இறந்துவிட்டார், வண்டியை நான் பயன்படுத்தப் போகிறேன் என்று வாரிசு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், ஆர்.சி., இன்சூரன்ஸ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவை தேவைப்படும். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாய்க்கும் சம பங்கு உண்டு என்பதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். பாட்டி உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்தும் வேண்டும். 2021இல் வந்த திருத்தத்துக்குப்பின் ஆர்.சி.யிலேயே நாமினியைக் குறிப்பிட முடிகிறது. அப்படிக் குறித்திருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

‘எதுக்கு சார் ரெண்டு தடவை பேர் மாத்தணும்? விக்கிறதுக்கான 29, 30 ஃபாரத்துல அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுக் குடுத்துடுங்க’ என்று சொல்லும் புரோக்கர் எல்லா ஊரிலும் இருக்கிறார். நேரமும் பணமும் மிச்சம் என்பார். ஆனால் அது போலிக் கையெழுத்து, குற்றம். அதோடு, மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைமாறிக் கைமாறிப் போன வண்டி எங்கோ ஒருவரை இடித்தால், நோட்டீஸ் வந்து சேரும் முகவரி உங்கள் வீட்டு வாசல்தான்.

சட்டம் கொடுக்கும் அந்த மூன்று மாதத்தை நான் வெறும் கெடுவாகப் பார்க்கவில்லை. 30 நாளுக்குள் தகவல் கொடுத்துவிட்டால் அந்த மூன்று மாதமும் வாரிசு வண்டியை ஓட்டலாம். அதற்குள் காலாவதியாகாவிட்டால், வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசியும் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் செல்லும். வைத்துக்கொள்வதா என்று சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. பிரிவதற்கு மனமில்லை என்று சொல்லும் பிள்ளை இந்த மூன்று மாதத்தில் அதை ஓட்டுகிறாரா, சர்வீஸுக்குக் கொண்டுபோகிறாரா, நிறுத்த இடம் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஓட்டினால் வண்டி அவருக்கே போகட்டும். இரண்டு முறைக்குமேல் சாவியைத் தொடவில்லை என்றால் பாசம் உண்மைதான், வண்டி வேண்டும் என்பது உண்மையில்லை. செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பதிவுக்கு 15 ஆண்டுதான் ஆயுள். பிறகு ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. பசுமை வரி, எஃப்.சி.க்கு முன் செய்யும் டிங்கரிங், ஆள் தேடிப் பிடிக்கும் கார்புரேட்டர் மெக்கானிக் எல்லாம் தனி.

விற்பது என்றால் மூன்று வகை ஆட்கள் வாங்குவார்கள். பழைய கார் வாங்கி விற்கும் நிறுவனங்கள் வேகமானவை. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் படிவம் 29சி மூலம் வண்டியை ஒப்படைத்துவிட்டால் அதன்பின் பொறுப்பு அவருடையது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்குள் முடிக்க வேண்டுமானால் இதுவே சரி. ஆனால் இந்த நிறுவனங்கள் பார்ப்பது வருடமும் கிலோமீட்டரும்தான். பிரீமியர் பத்மினிக்கும் அம்பாசடருக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. இந்த வண்டிகளுக்கு ஆர்வலர்கள்தான் சரியான ஆட்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளின் உறுப்பினர்கள் வழியே அவர்களைத் தேடலாம். ஆர்வலர் கேட்பது அசல் தன்மை. அதனால் விற்பதற்காகப் புதுப் பெயிண்ட் அடிக்காதீர்கள். பளபளப்புக்கு அடியில் துருவையும் புட்டியையும் தேடுவதுதான் அவர் செய்யும் முதல் வேலை. அப்பா கட்டிவைத்த சர்வீஸ் பில்கள் பெயிண்டைவிட அதிக விலை வாங்கித் தரும். மூன்றாவது ஆள், வண்டியை நன்றாக அறிந்தவர்: பல வருடம் பார்த்த மெக்கானிக், ஓட்டிய டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர். மாருதி 800 போல எங்கும் கிடைக்கிற வண்டியானால் நான் இவரைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். அந்த வண்டிக்கு வெளியே கிடைக்கும் விலை எப்படியும் சிறிதுதான். வித்தியாசத்துக்காக நாலு பேரிடம் பேரம் பேசுவதைவிட, நாளை காலையே அதை எடுத்து ஓட்டப்போகிறவரிடம் கொடுப்பது மேல். தெரிந்தவர்தானே என்று பெயர் மாற்றாமல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

‘இன்னும் பத்து வருஷம் வெச்சிருந்தா விலை ஏறும்’ என்பது அடிக்கடி வரும் மறுப்பு. சில வண்டிகளுக்கு அது பொருந்தலாம். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த நான்கு கதவு ஹெரால்டு வேறெந்த நாட்டிலும் வரவில்லை. 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய முதல் வடிவ மாருதி 800ஐயும் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். ஆனால் அம்பாசடரும் மாருதி 800உம் 2014 வரை தயாரானவை, லட்சக்கணக்கில் விற்றவை. அரிதாகாத வண்டி வயதானதால் மட்டும் விலை ஏறாது. ஏறினாலும் ஓடுகிற வண்டிக்குத்தான் ஏறும், ஷெட்டில் அரித்த வண்டிக்கு இல்லை. 50 வயது தாண்டியதை விண்டேஜ் என்று பதியலாமே என்பார்கள். 2021இல் வந்த அந்த விதியில் புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் விண்டேஜ் எண் வாங்கிய காரைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது தவிர வேறெதற்கும் சாலையில் எடுக்க முடியாது. வாராவாரம் ஓட்ட நினைக்கிறவருக்கு அது கௌரவம் போலத் தெரிந்து கையைக் கட்டிவிடும்.

உடைக்கக் கொடுப்பது கடைசி வழி. அடித்தகடு போய், சேசிஸும் வளைந்துவிட்டால் அதில் தவறில்லை. ஆனால் காயலான் கடைக்கு எடை போட்டுத் தள்ளிவிடாதீர்கள். பதிவு ரத்தாகாத வண்டியின் ஆர்.சி.யையும் சேசிஸ் எண்ணையும் திருட்டு வண்டிக்குப் பயன்படுத்த ஆள் இருக்கிறது. அரசு பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். மத்திய விதிப்படி, அதைக் காட்டிப் புதிய சொந்த வாகனத்தின் வரியில் 25 விழுக்காடு வரை சலுகை பெற இடமுண்டு.

‘வித்தா அவரையே வெளியே அனுப்பின மாதிரி இருக்கு’ என்று அம்மா சொன்னால், அதற்கு சட்டமோ கணக்கோ பதிலாகாது. அம்மாவும் சட்டப்படி வாரிசு. வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்கே கொடுங்கள். வருகிறவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கும் விதத்தில் அம்மாக்கள் கண்டுபிடிப்பதைப் பேரம் பேசும் பிள்ளைகள் கண்டுபிடிப்பதில்லை. அவர் யாரையும் ஏற்கவில்லை என்றால் ஆறு மாதம் காத்திருங்கள், ஆனால் அந்த ஆறு மாதமும் யாராவது வண்டியை ஓட்டட்டும். நினைவுக்கு ஏதாவது எடுத்துக்கொள்வதானால் சாவிக்கொத்து, டேஷ்போர்டில் ஒட்டிய சாமி படம், கைப்பட எழுதிய பெட்ரோல் கணக்கு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அசல் சின்னத்தையும் ரேடியோவையும் கழற்றாதீர்கள். வாங்குகிறவருக்கு அவை திரும்பக் கிடைக்காது.

ஒப்படைக்கும் அன்று தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட், வாங்குபவரின் ஆதார் நகல், ஃபாஸ்டேக் மூடியதற்கான குறுஞ்செய்தி மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் படிவம் 29ஐக் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை. ஒரு மாதம் கழித்துப் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறியிருக்காவிட்டால் வாங்கியவரைக் கூடவே அழைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் முடித்துவிடுங்கள்.