ஆடி அமாவாசையும் ஆற்றின் தாய்வீடும்

காயல்பட்டினம் கடற்கரையூர். கடல் வாணிபத்தாலும் பழமையான பள்ளிவாசல்களாலும் பெயர் பெற்றது. அதற்கு அருகில், புன்னைக்காயலில், தாமிரபரணி கடலோடு கலக்கிறது. பொதிகை மலைக் காட்டினுள் ஆடி மாதத்தில் நடைபெறும் ஓர் அய்யனார் திருவிழாவுக்கும் இந்தக் கடற்கரையூருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். தண்ணீரே அந்தச் சம்பந்தம். காயல்பட்டினத்து வீடுகளுக்குக் குழாய் வழியே வரும் குடிநீரும், பக்கத்திலுள்ள ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பாயும் நீரும் அந்தக் காட்டில் பிறந்தவை. ஆகையால், திருவிழாவுக்குச் செல்லும் மக்கள் காட்டில் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பது ஆற்றின் கடைமடையில் இருப்போரும் கவனிக்க வேண்டிய விஷயமாகும்.

காடு ஆற்றை வளர்க்கும் விதம்

தாமிரபரணி பொதிகையில் தோன்றி, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. வழியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்களும் உள்ளன. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கார் சாகுபடியும் பிசானச் சாகுபடியும் இவற்றை நம்பியே நடக்கின்றன. மேலே பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி.

அணை நீரைத் தேக்கி வைக்கும், நீரை உண்டாக்காது. அந்த வேலையைச் செய்வது காடு. பொதிகையின் உயரங்களில் புல்வெளிகளும், மடிப்புகளில் அடர்ந்த சோலைகளும் உள்ளன. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டிலும் அங்கே மழை பெய்கிறது. மரங்களின் கீழே சருகு மெத்தைபோல் படிந்து கிடப்பதால் மழைத்துளி மண்ணை அரித்துச் செல்வதில்லை. வேர்கள் விட்ட வழியே நீர் மண்ணுக்குள் இறங்கி, பின்னர் ஊற்றாகவும் ஓடையாகவும் மெல்லக் கசிந்து வெளிவருகிறது. மழை நின்ற பின்னரும் ஆறு ஓடிக்கொண்டிருப்பதன் காரணம் இதுவே. சோலை அழிந்த மலையில் பெய்யும் மழை ஒரே நாளில் சேற்றுடன் இறங்கி ஓடிவிடும். அணையில் வண்டல் சேரும். கோடையில் கால்வாய் வறண்டுபோகும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சமவெளியிலேயே கொட்டிய அத்தகைய மழையை எந்த மலைக்காடும் தடுத்துவிட முடியாது. காடு எல்லா வெள்ளத்தையும் தடுக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஆண்டு முழுவதும் ஆறு ஆறாக ஓட வேண்டுமானால் காடு காடாக இருந்தாக வேண்டும்.

சொரிமுத்து அய்யனார் திருவிழா

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுப் பகுதியில், ஆற்றங்கரையில் அமைந்துள்ளது சொரிமுத்து அய்யனார் கோவில். தென்மாவட்டங்களில் எண்ணற்ற குடும்பங்களுக்கு இவரே குலதெய்வம். மகாலிங்க சுவாமி, சங்கிலி பூதத்தார், பட்டவராயன் முதலிய தெய்வங்களும் இங்கே வழிபடப்படுகின்றன. ஆடி அமாவாசையன்று இலட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். பொங்கலிட்டு, நேர்ச்சை செலுத்தி, ஆற்றில் நீராடுகிறார்கள். முற்காலத்தில் பல நாட்களுக்கு முன்பே குடும்பத்தோடு வந்து, கரையோரம் குடில் அமைத்துத் தங்குவது வழக்கம். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள் 2020-ஆம் ஆண்டில் காலமாகும்வரை, இவ்விழாவில் ராஜ உடையணிந்து மக்களுக்குக் காட்சியளித்து வந்தார்.

பட்டவராயன் சன்னிதியில் பக்தர்கள் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அந்தணர் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாடுகளைக் காக்கும் முயற்சியில் உயிர்துறந்து தெய்வமானான் என்பது வில்லுப்பாட்டில் பாடப்படும் கதை. அவன் அச்செருப்புகளை அணிந்து இரவில் காட்டைச் சுற்றி வருகிறான் என்றும், அதனால் அவை தேய்ந்துபோகின்றன என்றும் மக்கள் நம்புகிறார்கள். ஜாதி வேற்றுமையைக் கடந்த ஒருவனையே காட்டின் காவலனாக நம் முன்னோர் கொண்டாடினார்கள் என்பது நினைவில் கொள்ளத் தக்கது.

இக்கோவில் இன்று களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் இருக்கிறது. முண்டந்துறை 1962-இல் புலிகள் சரணாலயமாயிற்று. களக்காடு 1976-இல் சரணாலயமாயிற்று. 1988-இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதலாவது புலிகள் காப்பகமாயின. காணி மக்களின் குடியிருப்புகளும் இக்காட்டினுள் உள்ளன. மலைப்பாதையில் செல்லும்போது மரக்கிளையில் கருமந்தியையும், ஓடைக்கரையில் மிளாவின் குளம்படியையும் காணலாம். அதிர்ஷ்டமிருந்தால் உச்சிக்கிளையில் மலையணிலைக் காணலாம். இருவாட்சியின் சிறகொலியைக் கேட்கலாம். நம் வயலுக்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் குழந்தைகள் நேரில் கண்டறிய இதைவிட நல்ல பாடசாலை இல்லை.

நேரும் தீங்கு

ஆனால், ஒரு சிறிய இடத்தில் சில நாட்களில் இத்தனை மக்கள் கூடுவதால் காடு நலிவடைகிறது. அடுப்புக்காகப் பச்சை மரக்கிளைகளை ஒடிப்பது, பிளாஸ்டிக் பைகளை எறிந்து செல்வது, உணவுக் கழிவுகளையும் பலி ஆட்டின் கழிவுகளையும் திறந்த வெளியில் விடுவது, சோப்பு தேய்த்துக் குளிப்பது ஆகியவை அனைத்தும் ஆற்றையும் விலங்குகளையும் பாதிக்கின்றன. நீராடிய பின் உடுத்திய துணியைத் தண்ணீரில் விட்டுச் செல்லும் வழக்கம் பாபநாசத்தில் பெருகிவிட்டது. இன்றைய துணிகளில் பெரும்பாலானவை மட்கும் பருத்தியல்ல. அவை பாறையிடுக்கிலும் மதகிலும் சிக்கிக்கொள்கின்றன. துப்புரவுப் பணியாளர் தண்ணீரில் இறங்கி அள்ள வேண்டியிருக்கிறது. நீத்தார் கடனுக்கு எள்ளும் நீரும் போதும். மூதாதையரை நினைத்து நீராடும் நாம், பேரப்பிள்ளைகள் குடிக்கும் நீரைக் கெடுக்கலாமா?

இதன் விளைவு இன்னொன்றும் உண்டு. காட்டுக்குத் தீங்கு மிகுந்தால் கட்டுப்பாடுகளும் மிகும். சமீப ஆண்டுகளில் தங்கும் நாட்கள் குறைக்கப்பட்டுள்ளன. சொந்த வாகனங்களைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்துகளில் செல்லும் ஏற்பாடும் செய்யப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக வந்த வழிபாடு சுருங்குவது பலருக்கு மனவருத்தம் தருகிறது. அவ்வருத்தம் நியாயமானதே. அவ்வழிபாடு நிலைத்திருக்க உறுதியான வழி, மக்கள் தாமாகவே ஒழுங்கை ஏற்பதாகும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

முதலாவதாக, ஊரிலிருந்து செல்லும் குடும்பங்களைக் கணக்கெடுத்து, ஒன்றாகப் பேருந்தில் செல்ல ஏற்பாடு செய்யலாம். மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் அவ்வாண்டுக்கென அறிவிக்கும் நாட்களையும் விதிகளையும் முன்கூட்டியே தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவதாக, எவர்சில்வர் பாத்திரம், துணிப்பை, வாழையிலை ஆகியவற்றையே எடுத்துச் செல்லுமாறு வற்புறுத்த வேண்டும். பத்துக் குடும்பங்களுக்கு ஒரு சாக்கு வீதம் கொடுத்து, குப்பையைத் திரும்பக் கொண்டுவரச் செய்யலாம். சுய உதவிக் குழுப் பெண்கள் இப்பொறுப்பைச் சிறப்பாக ஏற்பர்.

மூன்றாவதாக, துணியை ஆற்றில் விடுவதில்லை என்று ஊர்ப் பெரியவர்களும் பூசாரிகளும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சட்டத்தைவிட ஊர்க்கட்டுப்பாடு விரைவில் பலிக்கும்.

நான்காவதாக, இருட்டிய பின் ஆற்றோரம் அலைவதையும், குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பதையும், ஓயாமல் ஒலிபெருக்கி வைப்பதையும் தவிர்க்க வேண்டும். இரவில் விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் நேரத்தில் காட்டை அவற்றிற்கும் பட்டவராயனுக்கும் விட்டுவிடுவதே நமக்கும் பாதுகாப்பு.

கிராம சபையில் பேச வேண்டியவை

மே 1-ஆம் தேதி கூடும் கிராம சபை இதற்கு ஏற்ற தருணம். ஆடி அமாவாசைக்கு இரண்டு மாதங்களுக்கு மேல் அவகாசம் இருக்கும். அன்று மூன்று கேள்விகளை எழுப்பலாம். நம் ஊருக்குத் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக வருகிறது? நம் ஊரிலிருந்து எத்தனை குடும்பங்கள் மலைக்குச் செல்கின்றன? சென்று திரும்பும்போது அவர்கள் எதைக் காட்டிலே விட்டு வருகிறார்கள்?

முதற் கேள்விக்கு விடை தெரிந்தவர், மூன்றாவது கேள்விக்கு வெட்கமின்றி விடை சொல்லும்படி நடந்துகொள்வார். தாய்வீட்டுக்குச் சென்று வரும் பெண் அவ்வீட்டைப் பெருக்கி வைத்துவிட்டே புறப்படுவாள். அதுபோல் நாமும் ஆற்றின் தாய்வீட்டுக்குச் சென்று வருவோமாக.